வாசலில் நிற்கும் வெட்கம்

பால்வினை நோய்க்கு வைத்தியம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. நோயாளி மட்டும் ஏன் வருவதில்லை?

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். துறைமுகத்துக்குள் போக வேண்டிய வண்டிகள் அவை. திருவொற்றியூர் மக்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அந்த வரிசையில் நிற்கும் ஒரு டிரைவரை மனக்கண்ணால் பாருங்கள். வயது முப்பது இருக்கும். ஊர் தென்மாவட்டத்தில் எங்கேயோ. மனைவி அங்கே இருக்கிறாள்; ஐந்து மாதக் கர்ப்பிணி. இவர் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது.

நாலு நாளாக அவருக்கு சிறுநீர் போகும்போது எரிச்சல். உள்ளாடையில் கறை. வண்டியைக் கிளீனரிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார்.

அங்கே நல்ல கூட்டம். கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள், இருமலோடு கிழவர்கள், சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்கள். சீட்டு எழுதும் இடத்தில் இவர் முறை வருகிறது.

"என்ன உடம்புக்கு?"

கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எல்லோரையும் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். நாற்பது காதுகள்!

"காய்ச்சல்" என்கிறார் டிரைவர்.

காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிவேட்டில் "காய்ச்சல்: ஒன்று" என்று ஏறியது. அன்று மாலை அவர் மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரை இரண்டை வாங்கி விழுங்கினார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. நோய் போய்விட்டது என்று நினைத்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போனார்.

இது கற்பனைதான். ஆனால் நடக்காத கதை அல்ல.

இந்த டிரைவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மருந்து தீர்ந்துபோனதால் திரும்பிப் போனவர் என்று அவரை எழுத முடியாது, மருந்து இருந்தது. டாக்டர் இல்லாததால் போனவர் என்றும் எழுத முடியாது, டாக்டர் இருந்தார். எல்லாம் இருந்தும் வைத்தியம் நடக்கவில்லை!

அப்படியானால் ஒரு சுகாதார நிலையம் நன்றாக நடக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? அதுதான் இன்றைய கேள்வி.

துறைமுகமும் நோயும்

ராயபுரம் ரெயில் நிலையம் 1856-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகம் 1881-ல் வந்தது. பின்னர் எண்ணூரில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலை, திருவொற்றியூரில் டயர் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. 2001-ல் எண்ணூருக்கே தனித் துறைமுகம் கிடைத்தது.

துறைமுகம் இருக்கும் இடத்தில் வெளியூர் ஆட்கள் இருப்பார்கள். கப்பல் சிப்பந்திகள், லாரிக்காரர்கள், ஒப்பந்தக் கூலிகள். குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் தனியாக இருப்பவர்கள் அவர்கள். பால்வினை நோய்கள் அத்தகைய இடங்களில் அதிகம் தலைகாட்டுவது உலகம் முழுவதும் கண்ட உண்மை.

இதை வைத்து வடசென்னையை யாரும் இழிவாகப் பேசிவிடக் கூடாது. நோய்க்குப் பேட்டையும் தெரியாது, தெருவும் தெரியாது. பங்களாவிலும் அது இருக்கிறது. உலகில் குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினை நோய்கள் மட்டும் நாள் ஒன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் புதிதாகப் பற்றுவதாக, 2020-ம் ஆண்டுக்கான கணக்கில் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியது. இவ்வளவு பேரும் துறைமுகத்திலா இருக்கிறார்கள்?

துறைமுகத் தொழிலாளியின் நிலை வேறு என்பதை உலகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தது. 1924 டிசம்பர் 1-ந் தேதி பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த நாட்டு மாலுமியாக இருந்தாலும் சரி, அவர் இறங்குகிற துறைமுகத்தில் பால்வினை நோய்க்கு இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த ஒப்பந்தம். "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்காதே, வைத்தியம் செய் என்பது அதன் பொருள்.

பூட்டி வைத்தார்கள், பலிக்கவில்லை

அதற்கு முன்னால் வேறு ஒரு முறையைக் கையாண்டு பார்த்தார்கள். அது மிரட்டல் முறை.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1868-ம் ஆண்டில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று வந்தது. சிப்பாய்களுக்கு நோய் வராமல் காப்பதே நோக்கம். விலைமாதர் என்று கருதப்பட்ட பெண்களைப் பதிவு செய்தார்கள். கட்டாயமாகப் பரிசோதித்தார்கள். நோய் இருந்தால் "லாக் ஆஸ்பத்திரி" என்ற பூட்டு ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சென்னையிலும் அத்தகைய ஆஸ்பத்திரி இருந்தது. அந்தச் சட்டத்தில் ஆண்களுக்குக் கட்டாயம் இல்லை. நோய்க்கு இரண்டு பேர் காரணம், தண்டனை ஒருவருக்கு!

பெண்கள் என்ன செய்வார்கள்? ஓடி ஒளிந்தார்கள். நோயும் அவர்களோடு ஒளிந்துகொண்டது. எதிர்ப்பு வலுத்தது. 1888-ல் சட்டம் ரத்தாயிற்று.

அன்று கற்ற பாடம் ஒன்று உண்டு. இந்த நோயில் நோயாளி தானாக நடந்து வந்தால்தான் வைத்தியம். இழுத்து வந்தால் நூறு பேரில் ஒருவர் அகப்படுவார், மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள்.

1986-ல் விழுந்த இடி

அடுத்த பாடத்தையும் சென்னைதான் படித்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் என்பது அமெரிக்காக்காரர்களின் நோய், நம் நாட்டுக்கு வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் பேராசிரியர். மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கப்பட்டன. ஆறு பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். ஆண்டு 1986. அன்றைய சுகாதார மந்திரி எச்.வி.ஹண்டே சட்டசபையில் அதை அறிவித்தார்.

அப்போது மக்களைப் பீதி பிடித்தது. ஆனால் தமிழ்நாடு பீதியோடு நின்றுவிடவில்லை. 1994-ல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. 1995 முதல், டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியின் பொறுப்பில், அமெரிக்க உதவியுடன் "அபாக்" என்ற திட்டம் நடந்தது. லாரி நிற்கும் இடங்களுக்கே ஊழியர்கள் போனார்கள். டீக்கடையில் பேசினார்கள். ஆணுறை கொடுத்தார்கள். வைத்தியத்துக்கு வழி காட்டினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பரிசோதிக்க இடங்கள் திறந்தார்கள். அவற்றுக்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

பலன் என்ன? தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில், கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களின் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டில் நூற்றுக்கு 1.7 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2004-ல் அது 1.1 ஆகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைவு! 2006-ல் வெளியான கணக்கு இது.

ஆகவே, "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம். நடந்து காட்டிய காரியம்.

சின்ன ஆஸ்பத்திரி போதுமா?

"இந்த நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்லவா போக வேண்டும்? தெருமுனை சுகாதார நிலையத்தில் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம்.

ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பால்வினை நோய்க்குத் தனிப் பிரிவே உண்டு. சிக்கலான நோயாளிக்கு அதுதான் இடம். ஆனால் எண்ணூர் கத்திவாக்கத்தில் உள்ள கூலித் தொழிலாளி அங்கே போக வேண்டுமானால் அரை நாள் போய்விடும். அரை நாள் போனால் அரை நாள் கூலி போய்விடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அந்த நாளை வராது.

இந்தக் கேள்விக்கு ஆப்பிரிக்காவில் விடை கிடைத்தது. டான்சானியா நாட்டில் முவான்சா என்று ஒரு பகுதி. அங்கே 12 ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆறு ஊர்களில் உள்ள சாதாரண சுகாதார நிலையங்களைச் சீர்படுத்தினார்கள். மற்ற ஆறு ஊர்களை அப்போதைக்கு அப்படியே விட்டார்கள்.

சீர்படுத்தியது என்றால் என்ன? பெரிய கருவி ஏதும் இல்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மருந்து தீராமல் பார்த்துக்கொண்டார்கள். அடிக்கடி போய் மேற்பார்வை செய்தார்கள். ஊர் மக்களிடம் நோயைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். சீர்படுத்திய ஊர்களில் புதிதாக எச்.ஐ.வி. வந்தவர்கள் சுமார் 40 சதவீதம் குறைவு! 1995-ல் இந்த முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. பால்வினைப் புண் ஆறினால், அதன் வழியாக எச்.ஐ.வி. நுழைவதும் குறையும் அல்லவா?

பக்கத்து நாடான உகாண்டாவில் வேறு விதமாகச் செய்தார்கள். பத்து மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். எச்.ஐ.வி. குறையவில்லை. அந்த முடிவு 1999-ல் வந்தது. அங்கே எச்.ஐ.வி. ஏற்கனவே வேரூன்றிப் பரவியிருந்தது என்பது முதலாகப் பல காரணங்களை நிபுணர்கள் சொல்கிறார்கள். திருவிழா போல ஒரு நாள் வந்து போகும் வைத்தியத்தைவிட, தினமும் திறந்திருக்கும் கதவு மேலானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஏழு நிறப் பெட்டிகள்

நம் நாட்டிலும் இதற்கு எளிய வழி வகுத்தார்கள். ரத்தம், சிறுநீர் என்று பரிசோதித்து முடிவு வரும்வரை நோயாளியைக் காக்க வைத்தால் அவர் திரும்பி வரமாட்டார். எனவே அறிகுறியைப் பார்த்து அன்றைக்கே மருந்து கொடுப்பது என்று முடிவாயிற்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்காக ஏழு நிறங்களில் மருந்துப் பெட்டிகள் தயாரித்தார்கள்.

ஆணுக்குச் சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பெட்டி. பெண்ணுக்கு வெள்ளைப்பாடு என்றால் பச்சை. புண் என்றால் வெள்ளை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம். கொப்புளம் என்றால் சிவப்பு. பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால் மஞ்சள். தொடை இடுக்கில் கட்டி என்றால் கறுப்பு. மருந்துகளின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நிறம் மறக்காது!

இந்தச் சிகிச்சை தரும் இடங்களுக்கு நாடு முழுவதும் "சுரக்ஷா" என்றும், தமிழ்நாட்டில் "சுகவாழ்வு மையம்" என்றும் பெயர் சூட்டினார்கள்.

இந்த முறையில் குறையும் உண்டு. அறிகுறி இருந்தால்தானே பெட்டி? பல பெண்களுக்குக் கொனோரியா என்ற வெட்டை நோய் இருந்தும் வெளியே ஒன்றும் தெரியாது. சிபிலிஸ் என்ற கிரந்தி நோயின் முதல் புண் வலிக்காது. தானாகவே ஆறியும் விடும். ஆறினாலும் நோய் உள்ளேயே இருக்கும். இவர்களைப் பெட்டி கண்டுபிடிக்காது, பரிசோதனைதான் கண்டுபிடிக்கும். மறுபுறம், சாதாரண வெள்ளைப்பாட்டுக்குக் கூடத் தேவையில்லாத மருந்து போய்விடுவதும் உண்டு.

ஆகவே "இந்த மாதம் இத்தனை பெட்டி கொடுத்தோம்" என்ற கணக்கை வைத்து மட்டும் ஒரு நிலையத்தை மெச்சிவிட முடியாது. காலியான பெட்டிகளை எண்ணுவது எளிது. குணமான மனிதர்களை எண்ணுவதுதான் கடினம்.

எடை போடும் தராசு

அப்படியானால் எதை எண்ணுவது?

1994-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இரண்டு அளவுகோல்களைக் கொடுத்தது. ஒன்று: வந்த நோயாளிகளில் எத்தனை பேரை முறைப்படி விசாரித்து, உடலைப் பரிசோதித்து, சரியான மருந்து கொடுத்தார்கள்? இரண்டு: எத்தனை பேரிடம் ஆணுறை பற்றியும், துணைவரை அழைத்து வருவது பற்றியும் பேசினார்கள்?

இதைப் பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பல நாடுகளில் பயிற்சி பெற்ற ஒருவரை நோயாளி வேஷத்தில் அனுப்புவார்கள். சீட்டு வாங்கும் இடத்தில் என்ன நடந்தது, எத்தனை பேர் காதில் விழுந்தது, மருந்து எது, என்ன சொன்னார்கள் என்று அவர் வந்து எழுதித் தருவார். மாறுவேஷத்தில் நகர்வலம் வந்த ராஜாக்களின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். இதுவும் அதே தந்திரம்தான்.

வடசென்னை சுகாதார நிலையங்களை யாராவது எடை போட வந்தால், அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதல் கேள்வி: நோயாளி தன் நோயை மூன்றாவது ஆள் காதில் விழாமல் சொல்ல முடிகிறதா? ஒரு திரையும் ஒரு கதவும் போதும். லட்சக்கணக்கில் செலவு இல்லை.

இரண்டாவது: வேலைக்குப் போகிறவர் வரக்கூடிய நேரத்தில் டாக்டர் இருக்கிறாரா? காலை ஷிப்டுக்குப் போனவர் மாலையில்தான் வர முடியும். கடலுக்குப் போன காசிமேட்டு மீனவர் கரைக்கு வரும் நேரம் வேறு. லாரி டிரைவருக்கு நேரமே கிடையாது.

மூன்றாவது: பெண் நோயாளியைப் பார்க்கப் பெண் டாக்டரோ நர்சோ இருக்கிறாரா?

நான்காவது: ஒருவர் வந்தால் அவருடைய துணைவரும் வந்தாரா? இதுதான் உரைகல். கணவனுக்கு மட்டும் மருந்து கொடுத்து மனைவியை விட்டுவிட்டால், அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. ஒரு மாதத்தில் நோய் திரும்ப வந்துவிடும்.

மூன்றில் இரண்டு பேர் வரவில்லை

இந்தக் கேள்விகள் ஆகாயத்திலிருந்து வந்தவை அல்ல. தமிழ்நாட்டுப் பெண்களே சொன்னவை.

கிராமப்புறத்தில், மணமான 16 முதல் 22 வயது வரையுள்ள இளம் பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2005-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 53 பேர் தங்களுக்கு ஏதோ ஒரு கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். பரிசோதனைச் சாலையில் பார்த்தபோது 38 பேருக்குத் தொற்று இருந்தது.

கோளாறு உள்ள பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை!

ஏன்? அவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். பக்கத்தில் பெண் டாக்டர் இல்லை. மறைவாகப் பேச இடம் இல்லை. தூரம். செலவு. "பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் சகஜம்தானே" என்ற நினைப்பு.

மருந்து இல்லை என்பதைவிட, மறைவு இல்லை என்பது பெரிய குறை என்று தெரிகிறது அல்லவா?

வெட்கத்தைப் பெண்கள் மட்டும் சுமக்கவில்லை. ஆண்களின் வெட்கத்தை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் தங்கி, "ரகசிய வியாதிக்கு நிரந்தரத் தீர்வு" என்று சொல்லி லேகியம் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாலிப வயதில் இயற்கையாக நடக்கும் விந்து வெளியேற்றத்தையே நோய் என்று சொல்லி இளைஞர்களைப் பயமுறுத்துவார்கள். அது நோயே அல்ல. பால்வினை நோயைக் குணப்படுத்துவதாகவும் ஆண்மையைப் பெருக்குவதாகவும் விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் வந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டது. சுவரொட்டி இன்னும் ஒட்டுகிறார்கள்!

அந்த லாட்ஜில் கதவு இருக்கிறது. தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார்கள். ஆகவே இளைஞன் அங்கே போகிறான். அரசு நிலையத்திலும் அந்தக் கதவு இருந்தால் அவன் ஏன் லாட்ஜுக்குப் போகிறான்?

ஓர் ஊசி, ஓர் உயிர்

இதில் பணயமாக இருப்பது நோயாளி மட்டும் அல்ல, பிறக்காத குழந்தையும்தான்.

கிரந்தி நோய்க்கு ஒரு காலத்தில் பாதரசம் கொடுத்தார்கள். நோயைவிட மருந்து கொடுமையாக இருந்தது. 1910-ல் சால்வர்சான் வந்தது. 1943-ல் பென்சிலின் இந்த நோயை வென்றது. இன்றும் அதே பென்சிலின்தான் முதல் மருந்து. நோயின் ஆரம்பக் கட்டத்தில் 24 லட்சம் யூனிட் கொண்ட ஒரே தடவை ஊசி போதும்.

கர்ப்பிணிக்கு இந்த நோய் இருந்து, வைத்தியம் இல்லாமல் போனால் கரு கலையலாம். குழந்தை இறந்து பிறக்கலாம். பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னாலாவது பென்சிலின் போட்டுவிட்டால் குழந்தையைக் காப்பாற்றலாம். கர்ப்பமானதும் முதல் தடவை போகும்போதே ரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். கர்ப்பிணிகள் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கணவரும் கூடவே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மனைவிக்கு நோய் இருப்பது தெரிந்ததும் "உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்கும் ஆண்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் தங்கள் ரத்தத்தைக் கேட்கட்டும்!

சின்ன நிலையத்தில், நர்சு ஒருவரால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் உறவின் மூலம் பரவும் ஒரு கிருமியால் வருவதுதான். 2000-ம் ஆண்டு முதல் 2003 வரை அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் பரிசோதித்தார்கள். பரிசோதனைக்குத் தேவைப்பட்டது நீர்த்த அசெடிக் அமிலம். அதாவது, ஏறக்குறைய சமையல் வினிகர்! ஒரே ஒரு தடவை நடந்த அந்தப் பரிசோதனையால் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. பின்னர் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனை பரவியது.

வெளியே சொல்லிவிடுவார்களா?

"பேரை எழுதிக்கொண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டால்?" என்ற பயம் பலருக்கு உண்டு.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. எச்.ஐ.வி. விஷயத்தில் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்கவும் கூடாது. சட்டம் அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் தவிர, இதை மீறினால் குற்றம்.

நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். நேரில் கேட்கத் தயங்குகிறவர்கள் 1097 என்ற தொலைபேசி எண்ணில் பேசலாம். அதற்கும் கட்டணம் இல்லை. பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நோயாளிகள் நினைவில் வைக்க வேண்டியவை இவை. மருந்தைக் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள். நோய் தீரும்வரை உறவைத் தள்ளி வையுங்கள். பிறகும் ஆணுறையை மறக்காதீர்கள். துணைவரை அழைத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எரிச்சல் அடங்கிவிட்டது என்பதற்காக நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அந்த டிரைவர் மறுபடி வந்தால்

நமது கதையில் வந்த டிரைவரை மீண்டும் பார்ப்போம். அதே நிலையம். அதே கூட்டம். சீட்டு எழுதுகிறவர் இந்தத் தடவை நோயைக் கேட்கவில்லை. பேரும் வயதும் மட்டும் கேட்கிறார். நோயை உள்ளே டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்.

உள்ளே போகிறார். நர்சு கதவைச் சாத்துகிறார்.

"உட்காருங்க தம்பி. என்ன செய்யுது?"

டிரைவர் தலையைக் குனிந்துகொள்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நர்சு அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுங்கம்மா."

"சரி. இது குணமாகிற வியாதிதான். பயப்படாதீங்க. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. அவ முழுகாம இருக்கா."

"அப்படின்னா அவங்களையும் பார்த்தாகணும். ஊரிலேயே ஆஸ்பத்திரி இருக்கும். நாங்க சீட்டு எழுதித் தரோம்."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாம்பல் நிறப் பெட்டி ஒன்று செலவாயிற்று. ஆனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் மூன்று.

சுகாதார நிலையத்தை எடை போடப் போகிறவர்கள் மருந்து அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யட்டும். வெளியே வரிசையில் நின்று பார்க்கட்டும். உள்ளே நோயாளி பேசுவது காதில் விழுகிறதா?

விழுந்தால், அந்த நிலையத்தில் இன்னும் ஒரு கதவு பாக்கி இருக்கிறது!